பின்னால் கட்டிய கை

அத்தியாயம் 9

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. நேற்றுக் காலை ஜாபர் பாயின் ஜிம்மில் தாமோதரனின் மணிக்கட்டு முறிந்தது. முறியக் காரணமானவன் தப்ரேஸ். பழி வந்து விழுந்தது அவன் தங்கை தமன்னாவின் தலையில்.

அந்தப் பழியோடு இன்று காலை அவள் தண்டையார்பேட்டை வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தாள் என்பதைவிட அடித்தாள் என்பதே சரி. குழாயடிச் சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, இவள் முகத்தைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது அந்த ஜிம். தப்ரேஸ் அங்கே பல வருடமாக மாஸ்டர். ரம்ஜான் முடிந்த கையோடு தமன்னாவும் அங்கேயே மாஸ்டர் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தாள். புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் ஜாபர் பாய்க்கு ஒரே சட்டம்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூத்த மாஸ்டரின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பளு தூக்கும் ராடைத் தொடக் கூடாது, அதில் மாட்டும் பிளேட்டைத் தொடக் கூடாது, பயிற்சி நடக்கும்போது வாயைத் திறக்கவும் கூடாது. கேட்க வேண்டியதைக் கூட்டம் கலைந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். சர்டிபிகேட்டோடு வந்தவர்களே இந்தச் சட்டத்துக்கு ரோஷப்பட்டு ஓடியிருக்கிறார்கள்.

தமன்னா ஓடவில்லை. நின்று பார்த்தாள். களைத்துப்போன ஆளிடம், "அவ்ளோதான் நைனா, வூட்டுக்குப் போ" என்று தப்ரேஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும், ரோஷம் வந்து அந்த ஆள் இன்னும் இரண்டு தடவை தூக்குவதையும் பார்த்தாள். பெண்கள் பேட்ச் நடத்தும் சுஜாவிடம் வேறு மாதிரிப் பாடம். சுஜா யார் முகத்தையும் பார்க்க மாட்டாள், பாதத்தைப் பார்ப்பாள். உட்கார்ந்து எழும்போது குதிகால் தரையைவிட்டுக் கிளம்பினால் கனத்தைக் குறைத்துவிடுவாள். ரொம்பச் சிரித்துக்கொண்டே செய்கிற பெண்களை நிறுத்தி, எங்கே வலிக்கிறது என்று கேட்பாள். எங்கேயோ வலிக்கத்தான் செய்யும்.

கூட்டம் கலைந்ததும் சுஜா கேட்பது ஒரே கேள்வி. என்ன பார்த்த? அந்த அக்கா சோம்பேறித்தனம் பண்றாங்க என்று ஆரம்பத்தில் சொல்லி தமன்னா நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அது நீ நினைச்சது, பார்த்ததைச் சொல்லு என்பாள் சுஜா. நாளாக நாளாக தமன்னாவுக்குக் கண் பழகியது. பக்ரீத் முடிந்ததும் காலை நேரப் பெண்கள் பேட்ச் உனக்குத்தான் என்று போன வாரம் ஜாபர் பாய் சொன்னபோது, அவள் மொட்டை மாடிக்கு ஓடிப்போய்த் தனியாக நின்று அழுதாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நேற்று மண் விழுந்தது.

ராடின் இரண்டு முனையிலும் பிளேட் நழுவாமல் இருக்க ஒரு இரும்புக் கவ்வி மாட்டுவார்கள். ஜிம்மில் அதற்கு லாக் என்று பெயர். தப்ரேஸ் எப்போதும் இடது பக்கம்தான் முதலில் போடுவான். பிளேட், லாக், பிறகு எதிரே கண்ணாடியில் தன் புஜத்தை ஒரு பார்வை. அப்புறம் வலது பக்கம். மனசு சரியாக இருக்கிற நாளில் வலது லாக்கைக் கையிலேயே எடுத்துக்கொண்டு சுற்றி வருவான். மனசு எங்கேயாவது போய்விட்டால் அதைத் தரையிலேயே விட்டுவிட்டு வந்து, பிறகு நினைவு வந்து திரும்பிப் போய் எடுப்பான். நேற்று நினைவு வரவில்லை. கட்டிக்கொள்ளப் போகிற பெண் வீட்டிலிருந்து வந்த போனைப் பேசி முடித்த சிரிப்பு அப்போது அவன் முகத்தில் இருந்தது.

தமன்னா அதைப் பார்த்தாள். சொல்ல வாய் எடுத்தாள். தொழில் பழகுகிறவள் பேசக் கூடாது என்ற சட்டம் ஒரு பக்கம், நாலு பேர் முன்னால் அண்ணனைத் தங்கை திருத்துவதா என்ற எண்ணம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து அவள் வாயை மூடின. மற்றவர்கள் அவரவர் பயிற்சியில் மூழ்கியிருந்தார்கள். அதற்குள், யார் பிளேட் போடுகிறார்கள் என்று பார்க்காமல் கண்ணை மூடிப் பெஞ்சில் படுத்திருந்த தாமோதரன் ராடைத் தூக்கிவிட்டார். அவர் வலது கை கொஞ்சம் தாழ்ந்ததும் அந்தப் பக்கப் பிளேட் வழுக்கித் தரையில் விழுந்தது. கனம் போன பக்கம் மேலே எழும்ப, இடது பக்கம் அப்படியே கீழே சாய்ந்தது. ராடை விடாமல் பிடித்திருந்த இடது மணிக்கட்டு அதோடு திரும்பிக்கொண்டது.

ஜாபர் பாய் ஓடி வந்து, யார் பிளேட் போட்டது என்று கேட்டார். தப்ரேஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"தமன்னா போட்டா பாய். கத்துக்கினு கீறா இல்ல."

அவள் மறுப்பதற்குள் எல்லாரும் தாமோதரனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சொன்னவன் கூடப் பிறந்தவன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். தப்ரேஸுக்குத் தன் சதையைக் கண்ணாடியில் பார்க்க மட்டும்தான் தெரிந்தது.

* * *

ரஹீமுன்னிசா மகளுக்கு டீயைக் கொண்டுவந்து குழாயடியிலேயே வைத்தாள். மகள் தொடவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மெதுவாகத்தான் ஆரம்பித்தாள் அந்தத் தாய். வெள்ளிக்கிழமை ராயபுரத்திலிருந்து அப்துல் வஹாப் வீட்டார் வருகிறார்கள். பெண்ணைப் பெற்றவர், கல்யாணத் தேதி குறிக்க வருகிறார். ஒருத்தன் கையை உடைத்து வேலை போன மாப்பிள்ளை என்று அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். அத்தாவுக்குத் தெரிந்தால் வீட்டில் கொலையே விழும் என்றாள். தமன்னாவின் அப்பா அத்தாவுல்லா விடிவதற்கு முன்பே சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். லோடு ஏற்றும் அந்த மனிதரிடம் வீட்டில் யாரும் இன்னும் எதையும் சொல்லவில்லை.

"ஒரு வார்த்தை தானடி. நான்தான் போட்டேன், தெரியாம போட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்துடு. பொம்பளப் புள்ளைன்னா ரெண்டு நாள் பேசுவாங்க, அப்பால வுட்ருவாங்க."

"அப்போ என் வேலை?"

"உன்து ஒரு வேலையா? கைய கட்டிக்கினு சும்மா நின்னுகினு இருந்த."

தமன்னாவின் கையிலிருந்த நார் அப்படியே நின்றது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் பொறுத்திருப்பாள். மாதக்கணக்கில் கால் கடுக்க நின்றது சும்மாவாம். முப்பது பேர் உடம்பில் யாருக்கு எந்த முட்டி மடங்காது, யாருக்கு எந்தத் தோள் ஏறாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குக் கண்ணைத் தீட்டியது சும்மாவாம். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று மகனையும் மகளையும் நடத்துவது இந்த வீட்டுக்குப் புதிதில்லை. முட்டைப் பங்கிலும் சைக்கிளிலும் அவள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவள்தான். இன்று சிரிப்பு வரவில்லை, உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

தப்ரேஸ் வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. விழாத மாதிரி கட்டிய முடிச்சையே அவிழ்த்து மறுபடி கட்டினான்.

அவள் வெளியே வந்தபோது வண்டியில் ஏறச் சொன்னான். அவள் ஏறவில்லை. ஜாபர் பாய் அப்படி முறைத்துப் பார்த்ததும் ஏதோ வாயில் வந்துவிட்டது என்றான். தனக்கும் தூக்கம் இல்லை என்றான். கொஞ்ச நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள், அப்புறம் எண்ணூரில் தெரிந்த ஜிம்மில் அவளுக்குச் சொல்லி வைக்கிறேன் என்றான்.

"வாய்ல வர்றதுக்கு வேற பேரே கெடைக்கலயாண்ணே?"

 சாயங்காலம் ஆறு மணிக்குப் பெண்கள் பேட்ச் முடிந்து ஆண்கள் வரும்போது, எல்லார் முன்னாலும் அவள் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஜாபர் பாய் சொல்லிவிட்டதை மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னான். பாதிப் பேர் பயந்து வரவில்லையாம். யார் செய்தது என்று தெரிந்தால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வருமாம். சொல்லிவிட்டு அவள் கிளம்பிவிடலாமாம்.

கிளம்பிவிடலாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இருக்கிற ஜிம் மாஸ்டர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். பிளேட்டை ஒழுங்காகப் போடத் தெரியாமல் ஒரு ஆளின் கையை முறித்தவள் என்று பெயர் எடுத்துவிட்டால், அதற்கப்புறம் எந்த ஜிம்மில் எந்தப் பெண் அவளை நம்பிப் பெஞ்சில் படுத்து ராடைத் தூக்குவாள்? தமன்னாவுக்கு அது தெரியும். தப்ரேஸுக்கும் தெரியும். தெரிந்துதான் எண்ணூர் என்று ஆசை காட்டினான்.

* * *

மதியம் அவள் தனியாகக் காசிமேட்டுக்குப் பஸ் ஏறினாள். தாமோதரனைப் பார்த்து நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இரண்டு கையும் லீவரில் இருக்க வேண்டிய உத்தியோகம்.

அவர் மனைவி நிலைப்படியிலேயே வழியை மறித்து நின்றாள். வாங்கிப் போன சாத்துக்குடியைக் கையில் வாங்கவில்லை.

"எட்ட நின்னு பாக்கறதுதான உன் வேலை? பிளேட்ட எதுக்குடி நீ தொட்ட?"

தமன்னா வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து தாமோதரனின் குரல் வந்தது. கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துப் படுத்திருந்தார். குரலில் கோபமே இல்லை.

"உடு. சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிடுச்சி. அவுங்க அண்ணந்தான் நேத்தே வந்து அழுதுட்டுப் போயிட்டான் இல்ல. தங்கச்சிக்காக என் கால்லயே வுழுந்துட்டான். தங்கமான புள்ள."

தமன்னா சாத்துக்குடிப் பையைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பொய் சொன்னது பயத்தில் என்று காலையிலிருந்து மனதின் ஒரு மூலை அண்ணனுக்காக வாதாடிக்கொண்டிருந்தது. அந்த மூலை இப்போது வாயை மூடிக்கொண்டது. பயத்தில் சொன்ன பொய் ஒரு தடவையோடு நின்றிருக்கும். இவன் வீடு தேடிப் போய், அவள் பெயரைச் சொல்லி அழுது, நல்ல பெயரும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். மனிதன் என்றால் ஒரு கூச்சம் வேண்டாமா?

கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்ற சாலையோரமாக அவள் வெயிலில் நடந்தாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டும் ஏறவில்லை. ஏறி உட்கார்ந்தால் யாரையாவது அடித்துவிடுவோம் என்று இருந்தது.

* * *

சாயங்காலம் அவள் ஜிம்முக்குள் வந்தபோது பெண்கள் பேட்ச் முடிகிற நேரம். வழக்கமாகப் பார்த்ததும் தலையசைக்கிற பெண்கள் இன்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். சுஜா மட்டும் அருகே வந்தாள். நேற்று அவள் விடுப்பில் இருந்தவள், எதையும் பார்க்கவில்லை.

நாகர்கோவில் பக்கத்துக்காரி, பேச்சில் சுற்றி வளைக்கத் தெரியாது. நீதான் போட்டியா என்று கேட்டாள். தமன்னா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் முகமும் வெள்ளிக்கிழமையும் கண்முன் வந்து நின்றன. சுஜா அவள் பாதத்தைப் பார்த்துவிட்டு, சரி, எப்பவும் நிக்கிற இடத்துல போய் நில்லு என்றாள்.

ஆண்கள் வரத் தொடங்கினார்கள். ஜாபர் பாய் தன் அறையிலிருந்து வெளியே வந்து, எல்லாரும் வரட்டும் என்று கைகாட்டினார். அதுவரை சும்மா இருப்பானேன் என்று இரும்புக்கடை ராசையா பெஞ்சில் ஏறிப் படுத்தார். நல்ல கனத்த உடம்பு. தப்ரேஸ் பிளேட்டை எடுத்தான்.

தமன்னாவின் கைகள் தாமாகவே பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. பழக்கம். கண்ணும் பழக்கத்தில் அண்ணனின் கையோடு போனது.

இடது பக்கம் பிளேட். இடது பக்கம் லாக். கண்ணாடியில் ஒரு பார்வை. இன்று அவன் புஜத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்குள் தெரிந்த தங்கையைப் பார்த்தான். பார்த்த வேகத்தில் பார்வையை விலக்கிக்கொண்டான். குனிந்து பிளேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வலது பக்கம் போனான். லாக் பெஞ்சின் காலடியிலேயே கிடந்தது.

வலது பக்கம் பிளேட் ஏறியது. தப்ரேஸ் நெற்றியைத் துடைத்தான். ராசையாவின் தலைமாட்டுக்கு வந்து நின்றான். தரையில் கிடந்ததை அவன் நினைக்கவே இல்லை. நேற்றும் இதே இடம், இதே ஓட்டம்.

ராசையா கையை உயர்த்தி ராடைப் பிடித்தார்.

தமன்னாவுக்கு அந்த ஒரு கணத்தில் ஒரு கெட்ட நினைப்பு வந்ததை மறைப்பானேன்? விழட்டும் என்று தோன்றியது. விழுந்தால் ஊருக்கே தெரியும், அவள் வாயைத் திறக்கவே வேண்டாம். ஆனால் ராடைப் பிடித்திருந்தது ராசையாவின் கை. அந்தக் கையில் அவளுக்கு என்ன பகை?

"அண்ணே, நிறுத்து. ரைட்ல லாக் போடல."

பயிற்சி நடக்கிற இடத்தில் அவள் குரல் கேட்பது அதுதான் முதல் தடவை. சத்தமாகவே கேட்டது. ராசையா சூடு பட்டவர் போல ராடிலிருந்து கையை எடுத்தார். சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தவன் காலை நிறுத்தினான். பையை மாட்டிக்கொண்டு படியிறங்கப் போன பெண்கள் திரும்பி நின்றார்கள்.

தப்ரேஸ் வலது முனையைப் பார்த்தான். பிறகு தரையில் கிடந்த லாக்கைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

ஜாபர் பாய் மெதுவாக நடந்து வந்து பிளேட்டை ஒரு விரலால் தள்ளினார். அது ராடின் மேல் தாராளமாக நகர்ந்தது. அவர் தப்ரேஸைப் பார்த்தார். யார் போட்டது என்று இன்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, இத்தனை பேர் கண்ணெதிரே போட்டிருக்கிறான். ஞாபகம் தவறி, கை தவறி என்று அவன் ஏதோ முனகினான். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் யாருக்கும் நடக்கிறதுதான் என்றான்.

"இரு," என்றாள் சுஜா. அவனைப் பார்த்து இல்லை, தமன்னாவைப் பார்த்துக் கேட்டாள். தினமும் கூட்டம் கலைந்த பிறகு கேட்கிற அதே கேள்வி, அதே குரல். இன்று கூட்டம் கலையவில்லை.

"என்ன பார்த்த?"

தமன்னா அண்ணனைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவன் கண் கெஞ்சியது. சின்ன வயதில் பட்டம் விட்டுக் கூரை ஓட்டை உடைத்த நாளெல்லாம் இப்படித்தான் கெஞ்சுவான், அவளும் அம்மாவிடம் தான்தான் உடைத்தேன் என்று சொல்லி அடி வாங்குவாள். அவன் அதற்கே பழகிவிட்டான். அவளைப் பழக்கியும் வைத்திருந்தான்.

பின்னால் கட்டியிருந்த கையை அவள் அவிழ்த்தாள்.

"லெப்ட்ல பிளேட்டு போட்டாரு. லாக் போட்டாரு. கண்ணாடிய பாத்தாரு. ரைட்ல பிளேட்டு போட்டாரு, லாக்க கீழயே வுட்டுட்டாரு."

"இன்னைக்குப் பார்த்ததா?"

"நேத்து பாத்ததும் இதேதான்கா. ரெண்டு நாளும் நான் எதையும் தொடல. நேத்து கையோட சேத்து வாயையும் கட்டிக்கினு நின்னேன். என் தப்பு அது ஒண்ணுதான்."

 ராசையா எழுந்து உட்கார்ந்து தன் மணிக்கட்டைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார். ஜாபர் பாய் தப்ரேஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு, தங்கச்சி சொல்றது நெசமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். தப்ரேஸ் இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

அப்போது கண்ணாடி ஓரத்தில் வைத்திருந்த அவன் போன் அடித்தது. திரையில் அம்மா என்று வந்தது. ஆறு மணி ஆயிற்றே, தான்தான் போட்டேன் என்று தமன்னா சொல்லி முடித்துவிட்டாளா என்று கேட்கக் கூப்பிடுகிறாள் என்பது அண்ணன், தங்கை இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவன் எடுக்கவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

உடனே தமன்னாவின் பையில் அடிக்கத் தொடங்கியது. அவள் எடுத்தாள். "சொல்லிட்டேம்மா" என்றாள்.

"என் கண்ணே," என்று அந்தப் பக்கம் ரஹீமுன்னிசா அழுதாள்.